சயனத் திருக்கோலமும் மனத்தின் இளைப்பாறுதலும்

ஸ்ரீ:



முப்பது வருஷங்களுக்கு மேலாக அடியேன் பெருமாள் திருவடியில் அர்ச்சக கைங்கர்யம் செய்து வருகிறேன். அர்ச்சனைத் தட்டை நீட்டுகிறவர்கள் முன்பெல்லாம் பெண்ணுக்கு நல்ல வரன் வேண்டும், பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டும், ஆற்றில் தண்ணீர் வரவேண்டும் என்று பிரார்த்திப்பார்கள். இவை இன்றும் குறையவில்லை. ஆனால் சில வருஷங்களாகப் பெயரும் நக்ஷத்திரமும் சொல்லி முடித்தபின், பக்கத்தில் நிற்பவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாமி, மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது, ராத்திரி தூக்கமே இல்லை, ஏதாவது ச்லோகம் இருந்தா எழுதிக் குடுங்க" என்று கேட்பவர்கள் மிகுந்துவிட்டார்கள். கேட்பவர்களில் பணக்காரரும் உண்டு, கூலிக்கு நடவு நடுபவரும் உண்டு. ச்லோகங்கள் இல்லாமல் இல்லை. அடியேனும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சீட்டை வாங்கி மடியில் முடிந்துகொண்டு போனவர்களில் பலர் அடுத்த ஏகாதசிக்கும் அதே கேள்வியோடு வந்து நின்றார்கள். ஆகையால் இம்மலருக்கு ஒரு வியாஸம் வேண்டும் என்று நிர்வாகத்தார் கேட்டபோது, அந்தச் சீட்டில் எழுத இடம் போதாமல் விட்டுப்போனதை இங்கே எழுதலாம் என்று துணிந்தேன்.

முதலில் நீங்கள் வந்திருக்கும் உத்ஸவத்தைக் கொண்டே தொடங்குகிறேன். வைகானஸ ஆகமத்தின்படி ஓர் ஆலயத்தில் பெருமாளுக்கு ஐந்து பேரங்கள் உண்டு. கர்ப்பக்ருஹத்தில் அசையாமல் எழுந்தருளியிருக்கும் மூலவர் த்ருவபேரம். நித்திய ஆராதனத்துக்குக் கௌதுகபேரம், திருமஞ்ஜனத்துக்கு ஸ்நபனபேரம், வீதிப் புறப்பாட்டுக்கு உத்ஸவபேரம், பலி ஸாதிப்பதற்குப் பலிபேரம். த்ருவம் என்ற சொல்லுக்கே நிலைபெற்றது என்று பொருள். நாள்தோறும் ஆராதனத்தின்போது த்ருவபேரத்திலிருந்து சாந்நித்யத்தை மற்ற பேரத்தில் ஆவாஹனம் செய்கிறோம். அதனால் மூலவரிடத்தில் ஒன்றும் குறைவதில்லை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போல என்று பெரியோர் சொல்வர்.

உத்ஸவத்துக்கு வந்தவர்கள் அனைவரும் வாஹனத்தின் பின்னேயே போகிறீர்கள். போக வேண்டியதுதான், மேளமும் தீவட்டியும் வேதகோஷமும் கண்ணுக்கும் காதுக்கும் விருந்து. ஆனால் பெருமாள் வீதிக்கு எழுந்தருளிய பிறகு, உள்ளே ஒருவரும் இல்லாத அந்த ஒரு நாழிகைப் பொழுதில் மூலவர் ஸந்நிதியில் நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே. வெளியே வாண வெடி அதிரும். உள்ளே தூண்டாவிளக்கின் சுடர் அசையாது. வீதியில் ஆடிவருபவனும் உள்ளே அசையாதிருப்பவனும் ஒருவனே. நம் மனத்துக்கும் இப்படி இரண்டு நிலை உண்டு என்பதும், ஆடுகின்ற மனத்தை நாம் அறிந்த அளவு அசையாததை அறியவில்லை என்பதும் அடியேன் ஸந்நிதியில் நின்று கற்றவை.

நம்முடைய சோழநாட்டுத் திவ்யதேசங்களில் பெருமாள் சயனித்திருக்கும் தலங்கள் பல. ஸ்ரீரங்கம், கோவிலடியில் அப்பக்குடத்தான், குடந்தையில் சார்ங்கபாணி, திருவிந்தளூரில் பரிமளரங்கநாதன் என்று காவிரியின் போக்கிலேயே அவன் படுத்துக்கொண்டு வருகிறான். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அன்பர் ஒருமுறை, "உங்கள் பெருமாள் ஏன் இத்தனை ஊர்களில் தூங்குகிறார்?" என்று கேட்டார். அவன் கொள்வது யோகநித்திரை, கண்கள் மூடியிருந்தாலும் திருவுள்ளம் விழித்திருக்கிறது என்று மரபுப்படி விடை சொன்னேன். அது சரியான விடைதான். ஆயினும் அதைவிட நெருக்கமாகப் பேசும் இரண்டு திருக்கோலங்கள் கும்பகோணத்துக்கு அருகே, ஸ்வாமிமலையை அடுத்து, பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் உள்ளன. யாத்திரிகர்கள் அவசரத்தில் தாண்டிப் போய்விடுவதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஒன்று புள்ளபூதங்குடி. அங்கே எழுந்தருளியிருப்பவன் வல்வில் ராமன். ராமனை நின்ற கோலத்தில், வில்லேந்தியவனாக, பிராட்டியும் இளையபெருமாளும் இருபுறமும் இருக்க ஸேவித்தே நமக்குப் பழக்கம். இவ்வூரில் சக்கரவர்த்தித் திருமகன் சயனித்திருக்கிறான். பெரிய உடையாராகிய ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்து முடித்த இடம் இது என்பது தலவரலாறு. காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியிலும் இதே வரலாறு சொல்லப்படுகிறது. வால்மீகியோ கோதாவரிக் கரையைச் சொல்கிறார். இடத்தைப் பற்றிய வாதம் இங்கே வேண்டாம். அப்போதைய ராமனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ராஜ்யம் போயிற்று, தகப்பனார் திருநாடு அலங்கரித்தார், பிராட்டியைக் காணவில்லை, அவளைக் காக்கப் போராடிய, தகப்பனாருக்குத் தோழரான முதியவரும் தன் மடியிலேயே உயிர் நீத்தார். பிராட்டியைப் பிரிந்த துயரத்தினும் இப்பறவையின் மரணம் தன்னை அதிகம் வாட்டுவதாக ஆரண்யகாண்டத்தில் ராமனே இளையபெருமாளிடம் சொல்கிறான். தகப்பனுக்குச் செய்ய முடியாமற்போன ஸம்ஸ்காரத்தைப் பறவைக்குச் செய்தான். சிதை மூட்டி, தர்ப்பணம் விட்டு முடித்தபின் அவன் என்ன செய்ய வேண்டும்? பிராட்டியைத் தேடி ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு யுகம். அப்படிப்பட்ட அவஸரத்தின் நடுவே அவன் படுத்திருக்கும் கோலத்தை இவ்வூர் மக்கள் நூற்றாண்டுகளாக ஆராதித்து வருகிறார்கள்.

இதை அடியேன் வெகுகாலம் ஒரு விசேஷச் செய்தியாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். துக்கத்தில் விழுந்தவன் உடனே எழுந்து ஓட வேண்டியதில்லை, அவதாரபுருஷனும் அழுது ஓய்ந்து படுத்தான் என்பதாக அத்திருக்கோலம் ஒருநாள் பட்டது. அது எந்த நாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மற்றொன்று ஆதனூர். அங்கே ஆண்டளக்குமையன் மரக்காலைத் தலைக்கு அணையாக வைத்து, திருக்கையில் ஏடும் எழுத்தாணியும் கொண்டு சயனித்திருக்கிறான். களத்தில் நின்று நெல் அளந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. போர் அடித்து, தூற்றி, பொலி அளந்து, ஆளுக்குக் கூலி போட்டு, மிச்சம் எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவனுக்கு அன்றிரவு தூக்கம் வராது. உலகத்துக்கெல்லாம் படியளப்பவனோ மரக்காலைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். கணக்கை அவன் தூர எறிந்துவிடவில்லை. ஏடு கையிலேயே இருக்கிறது. நமக்கு மரக்கால் தலைக்கு மேலே இருக்கிறது என்று ஒரு வயோதிக மிராசுதாரர் அங்கே அடியேனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி உறக்கத்தைப் பற்றி சாஸ்திரம் சொல்வதைச் சற்றுப் பார்க்க வேண்டும். சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் குமாரன் ச்வேதகேதுவுக்கு உபதேசிக்கும் பகுதி ஒன்று உண்டு. காலில் நூல் கட்டிய பறவை எல்லாத் திசைகளிலும் பறந்து பார்த்து, எங்கும் இருப்பிடம் காணாமல், கடைசியில் தன்னைக் கட்டியிருக்கும் இடத்திலேயே வந்து தங்குவதுபோல, மனமும் அலைந்து களைத்துத் தன் ஆதாரத்திலேயே ஒடுங்குகிறது என்கிறார். ஆழ்ந்த உறக்கத்தில் ஜீவன் ஸத்தோடு சேர்ந்திருக்கிறான் என்பது அங்கே சொல்லப்படும் ஸித்தாந்தம். ஜீவன் உறங்குமிடம் நாடியா, இருதயத்தைச் சூழ்ந்த புரீதத்தா, ப்ரஹ்மமா என்ற கேள்வி ப்ரஹ்மஸூத்ரத்தில் எழுகிறது. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில், மாளிகை, கட்டில், மெத்தை என்ற மூன்றிலும் ஒருவன் உறங்குகிறான் என்று சொன்னால் எப்படி முரண் இல்லையோ அப்படியே இங்கும் கொள்ள வேண்டும் என்று அருளிச்செய்கிறார். நாடி மாளிகை, புரீதத் கட்டில், நேரே நம்மைத் தாங்கும் மெத்தை பரமாத்மாவே.

பாடசாலையில் இதைப் படித்தபோது அடியேனுக்கு வயது பதினாறு. பரீக்ஷைக்காகப் பாடம் செய்தேன். இதிலிருந்து தெளிய வேண்டியது ஒன்று உண்டு. அது அப்போது புலப்படவில்லை. உறக்கம் நாம் செய்யும் ஒரு காரியம் அன்று. உண்பது, நடப்பது, ஜபிப்பது போல அதைச் செய்ய முடியாது. செய்பவன் விலகினால்தான் அது வருகிறது. தூங்கவேண்டும் என்று முயலுகிறவனுக்குத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் அநுபவம். மனத்தின் அமைதியும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அமைதியாக இரு என்று மனத்தை அதட்டுவதும் ஓர் அமளிதான்.

அப்படியானால் விழித்திருக்கும்போதே செய்பவனை விலக்குவது எப்படி? இதற்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம்முடைய நெல்வயல்களின் நடுவிலேயே இருந்திருக்கிறார். அவர் திருக்கண்ணமங்கையாண்டான்.

ஸ்ரீமந் நாதமுனிகளுக்கு சிஷ்யர்கள் பலர். நாதமுனிகள் ஆழ்வார்களின் திவ்யப்ரபந்தத்தை மீட்டுத் தொகுத்தவர் என்பதை யாவரும் அறிவர். அவர் பெரிய யோகி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் தம் யோகரஹஸ்யத்தைக் குருகைக்காவலப்பனுக்கு அளித்தார். உய்யக்கொண்டாரையும் அதைக் கற்கத் திருவுள்ளமோ என்று கேட்டபோது, உலகமே துன்பத்தில் கிடக்கையில் தான் ஒருவன் மட்டும் இன்பம் துய்ப்பதா என்ற கருத்தில் மறுத்து, அருளிச்செயலைப் பரப்பும் பணியை அவர் ஏற்றார். பிற்காலத்தில் ஆளவந்தார் அந்த யோகரஹஸ்யத்தைப் பெற விரும்பியும், குருகைக்காவலப்பன் குறித்துக் கொடுத்த நாளில் போய்ச் சேர முடியாமல் அது அவரோடு மறைந்துவிட்டது என்பது குருபரம்பரைச் செய்தி. அந்த வழி நமக்கு அற்றுப்போனது ஒரு நஷ்டம் என்று அடியேன் இளமையில் வருந்தியதுண்டு.

யோகத்தை ஏற்றவர் ஒருவர். ஏற்காமல் உபதேசத்தை ஏற்றவர் ஒருவர். அதே ஆசார்யனின் மூன்றாவது சிஷ்யரான ஆண்டான் இரண்டையும் விட்டு வேறொன்று செய்தார். அவருடைய பாண்டித்யத்தில் குறைவில்லை. நாச்சியார் திருமொழிக்கு நாம் அநுஸந்திக்கும் தமிழ்த் தனியன் அவர் அருளியது. ஒருநாள் அவர் கண்ணெதிரே ஒரு சம்பவம் நடந்தது. ஒருவனுடைய நாயை மற்றொருவன் அடித்துத் துன்புறுத்தினான். நாய்க்கு உடையவன் பொறுக்காமல் அவன்மேல் பாய்ந்தான். சண்டை முற்றி, அவனைக் கொன்று, தானும் மாண்டான். ஒரு நாய்க்காக இரண்டு மனிதர் கிடந்தார்கள்.

நாமாக இருந்தால் இதைப் பற்றித் திண்ணையில் ஒரு வாரம் பேசியிருப்போம். என்ன மூர்க்கத்தனம் என்போம், அது மூர்க்கத்தனமே. ஆண்டானும் அச்செயலை நல்லதென்று கொண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அவர் பார்த்தது அதற்குள் இருந்த ஒன்றை. தன்னுடையது என்று அபிமானித்த ஒரு காரணத்துக்காக, அற்பமான மனிதன் ஒரு நாய்க்காக உயிரையும் கொடுப்பான் என்றால், அனைத்துக்கும் உடையவனான ஸர்வேச்வரன் தன் உடைமையான என்னை விட்டுவிடுவானா? கைமுதிக நியாயம் என்று ந்யாய சாஸ்திரத்தில் படிக்கிறோமே, அதை அவர் தெருவில் கண்டார். கண்டவுடன் தன்னைக் காத்துக்கொள்ளத் தான் செய்துவந்த முயற்சிகளையெல்லாம் விட்டார். திருக்கண்ணமங்கைக் கோயிலுக்குள் புகுந்து, மகிழமரத்தடியில், ஒரு வீட்டு நாய் வாசலில் கிடப்பதுபோல் கிடந்தார். ஆசார்யர்கள் தங்கள் வியாக்யானங்களில் ஸ்வவ்யாபாரத்தை விட்டவருக்கு உதாரணமாக இவரையே எடுத்துக்காட்டுகிறார்கள்.

கிடந்தார் என்ற சொல்லை இரண்டு மூன்று முறை மனத்தில் சொல்லிப் பார்க்க வேண்டுகிறேன். வீட்டு நாய் வாசலில் எப்படிக் கிடக்கிறது? அதற்கு நாளைய சோற்றைப் பற்றிய விசாரம் இல்லை. ஆனால் உடையவன் காலடி ஓசை கேட்டால் காது நிமிர்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த நிலையே நம் பெரியோர்கள் நிர்ப்பரம் என்று சொல்லும் நிலை. பரம் என்றால் சுமை. ஸ்வாமி தேசிகன் நியாஸ தசகத்தில் இந்தச் சுமையைப் பெருமாளிடம் ஒப்படைப்பதையே பத்து ச்லோகங்களில் பாடினார். ஒப்படைப்பதற்கு நாம் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டுமா, குட்டியைப் பூனை தானே கவ்விக்கொண்டு போவதுபோல அவனே வருவானா என்று வடகலை, தென்கலைப் பெரியோர் வாதிப்பார்கள். அர்ச்சகனான அடியேன் அந்தப் பஞ்சாயத்துக்குள் போவதில்லை. குரங்குக் குட்டியும் தாய் மடியில் தூங்குகிறது, பூனைக்குட்டியும் தூங்குகிறது என்பது மட்டும் எனக்குப் போதும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும்; எழ வேண்டும். இது சோம்பலுக்கு வைத்த பெயர் அல்லவா? எல்லாரும் மரத்தடியில் படுத்துவிட்டால் வயலில் யார் இறங்குவது? இதே கேள்வியை ஆண்டானிடமே கேட்டவர் உண்டு. ஆண்டான் நாள்தோறும் கோயில் பிராகாரத்தைத் திருவலகிட்டு வந்தார். அவரோடு கூடப் படித்தவரும் தெய்வநம்பிக்கை அற்றவருமான ஒருவர் அதைக் கண்டு, உம்முடைய முயற்சி எல்லாவற்றையும் விட்டேன் என்கிறீரே, இப்போது எந்தப் பலனைக் கருதிப் பெருக்குகிறீர் என்று மடக்கினார். ஆண்டான் வாதம் செய்யவில்லை. பெருக்கிய இடத்தையும் பெருக்காத இடத்தையும் சுட்டிக் காட்டி, இரண்டுக்கும் உள்ள வாசியைப் பாரும் என்றார். அவ்வளவே. இங்கே சுத்தமாக இருக்கிறது, அங்கே குப்பையாக இருக்கிறது. அதற்குமேல் ஒரு பலனும் அவர் எண்ணவில்லை. திருவாய்மொழிக்கு நம்பிள்ளை அருளிய ஈட்டில் இந்த ஐதிஹ்யம் வருகிறது.

அடியேன் இதைப் பல உபந்யாஸங்களில் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் புன்னகை செய்வார்கள். சொன்ன எனக்கு அர்த்தம் தெரிந்தது பிற்பாடுதான்.

அடியேனின் க்ருஹிணி திருநாட்டை அடைந்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. நோய் நீண்டதன்று, மூன்று வாரம். ஆசௌச தினங்களில் ஸந்நிதிக்குள் போகக்கூடாது. பதின்மூன்று நாள் வீட்டில் மனுஷ்யர்கள் நிறைந்திருந்தார்கள்; ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் அவரவர் ஊருக்குப் போனபின் துக்கம் உள்ளே வந்து உட்கார்ந்தது. மறுபடி கைங்கர்யத்துக்குப் போனேன். வாய் மந்திரம் சொல்லும். மனம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும். வேறு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாமோ, இரண்டு நாள் முன்னமே போயிருக்கலாமோ என்று ஒரே கணக்கு. இரவு திருக்காப்பு சேர்த்துவிட்டு மண்டபத்திலேயே படுப்பேன். நடுநிசியில் விழிப்பு வந்தால் விடியும்வரை அந்தக் கணக்குதான். கீதையை முழுதும் பாராயணம் செய்தேன். மனம் காற்றைப் போல அடக்க அரியது என்று அர்ஜுனன் முறையிடுவதும், ஆம் அரியதே, பழக்கத்தாலும் பற்றின்மையாலும் பிடிக்கலாம் என்று கண்ணன் ஒத்துக்கொள்வதும் ஆறாவது அத்யாயத்தில் இருக்கின்றன. பிறருக்கு நூறு தடவை அர்த்தம் சொன்னவன் நான். எனக்கு அது உதவவில்லை. இதை எழுதக் கூச்சமாயிருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் புஸ்தகப் படிப்பாகிவிடும்.

அந்த நாட்களில் எனக்குப் பாடம் சொன்ன அத்யாபகர், எண்பது வயதைத் தாண்டியவர், ஊருக்கு வந்திருந்தார். தேற்றும் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ராத்திரி தூங்கறயா?" என்றார்.

"இல்லை, ஸ்வாமி."

"புள்ளபூதங்குடிக்கு ஒரு நடை போய்ட்டு வா. வந்து, நாளைக் கார்த்தாலேர்ந்து பிராகாரத்தை நீயே பெருக்கு."

"அதுக்கு ஆள் இருக்கு, ஸ்வாமி."

"ஆள் இருக்கட்டும். நீ மகிழமரத்தடியைப் பெருக்கு. ஆண்டான் கதையை ஊரெல்லாம் சொல்றயே."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனேன். வல்வில் ராமன் ஸந்நிதியில் அன்று கூட்டம் இல்லை. சயனித்திருந்த ராமனைப் பார்த்தபோது, இவனும் கொள்ளி வைத்துவிட்டு வந்தவன்தானே என்று தோன்றியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதமாக வராத அழுகை வந்தது. ஸந்நிதி பட்டர் ஒன்றும் கேட்காமல் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் விடியற்காலையில் திருவலகு எடுத்தேன். மகிழம்பூ இரவெல்லாம் உதிர்ந்துகொண்டே இருக்கும். பெருக்கிய இடத்தில் மறுபடி உதிரும். முதல் சில நாட்கள் கை பெருக்கியது, மனம் பழைய கணக்கையே போட்டது. பிறகு நடுவே சிறிது நேரம் கணக்கு நின்றுவிட்டதைக் கவனித்தேன். கவனித்தவுடன் மறுபடி தொடங்கிற்று. திரும்பவும் பெருக்கினேன். பெருக்கிய இடம், பெருக்காத இடம்; வேறு ஒன்றும் இல்லை. கீதையில் சொன்ன அப்யாஸம் இதுதானோ என்று ஒரு ஸந்தேஹம் வந்தது. மனத்தைப் பிடித்துக் கட்டுவதை அப்யாஸம் என்று எண்ணியிருந்தேன். ஓடிய மனம் தானே திரும்பி வருவதற்குக் கையில் ஒரு சிறு வேலையோடு காத்திருப்பதும் அப்யாஸமே. எத்தனை நாள் கழித்துத் தூக்கம் வந்தது என்று சொல்ல முடியவில்லை. ஒருநாள் காலை விழித்தபோது, இரவு நடுவில் விழிக்கவே இல்லை என்பது தெரிந்தது. துக்கம் போய்விடவில்லை; இன்றும் இருக்கிறது. அதோடு சேர்ந்து உட்கார முடிகிறது.

இதை நம் விவசாயிகள் வேறு விதமாக அறிவார்கள். நாற்றங்காலில் பசேலென்று இருந்த நாற்றைப் பிடுங்கி, முடி கட்டி, சேற்றில் நட்டால் முதல் சில நாள் பயிர் வெளுத்துத் துவண்டு நிற்கும். புதிதாகப் பார்ப்பவன் செத்துவிட்டது என்றே நினைப்பான். அநுபவமுள்ளவன் அப்போது உரம் போட மாட்டான். வயலில் இறங்கி மிதிக்கவும் மாட்டான். மேலாகத் தண்ணீர் கட்டிவிட்டுக் காத்திருப்பான். ஒரு வாரத்தில் வேர் பிடித்துப் பச்சை திரும்பும். அதன்பிறகும் எப்போதும் தண்ணீர் நிற்கக்கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால்தான் வேர் ஆழ இறங்கும். ஆற்றுக்கும் ஓய்வு உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபாக வந்த முறை. மூடியிருக்கும் மாதங்களில்தான் வாய்க்காலில் இறங்கித் தூர் வார முடியும். பிடுங்கி நடப்பட்ட மனிதர்களிடம் மட்டும் நமக்குப் பொறுமை இல்லை. பத்தாம் நாளே "இன்னும் எத்தனை நாள் இப்படியே இருப்பாய்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் மறுபடி காய்க்க ஐந்து ஆறு வருஷம் ஆகும். அப்படித் தோப்பை இழந்த ஒருவர், இவ்வூர்ப் பெண்ணை மணந்தவர், மாமனார் வீட்டில் வந்து தங்கியிருந்தார். மாலையில் கோயிலுக்கு வந்து கொடிமரத்தருகே உட்காருவார். "சாமி, கண்ணை மூடினா மரம் விழுற சத்தம் கேக்குது" என்றார் ஒருநாள். அடியேனுக்கு அப்போது சற்று அறிவு வந்திருந்தது. ச்லோகம் எழுதிக் கொடுக்கவில்லை. திருவந்திக்காப்புக்கு விளக்குகளைத் துடைத்துத் திரியிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதைச் செய்யச் சொன்னேன். மூன்று மாதம் போலச் செய்தார். அதிகம் பேசினதில்லை. பிறகு ஊருக்குப் போய்விட்டார். மறுவருஷம் தேரன்று வடம் பிடிக்கிறவர்கள் நடுவே அவர் முகத்தைப் பார்த்தேன். கையைத் தூக்கிக் காட்டினார்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லா மனக்கலக்கமும் விளக்குத் துடைத்தால் தீரும் என்று எவரும் கொள்ளக்கூடாது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் குணசீலம் இருக்கிறது. பிரஸன்ன வேங்கடாசலபதி ஸந்நிதி. சித்தம் கலங்கியவர்களை அங்கே அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைத்து, உச்சிக்காலத்திலும் இரவிலும் பூஜை முடிந்து தீர்த்தத்தை முகத்தில் தெளிப்பது வழக்கம். அந்தக் கோயிலைச் சார்ந்தே மனநலக் காப்பகமும், மனநல மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாடும் அமைந்திருக்கின்றன. தீர்த்தமும் மருந்தும் ஒன்றை ஒன்று தடுக்கவில்லை. 2001ஆம் வருஷம் ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். கட்டிப் போட்டால் மனிதன் அசையாமல் இருப்பான். அதற்கு ஓய்வு என்று பெயர் இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவர்களையும், உயிர்மேல் வெறுப்புற்றுப் பேசுபவர்களையும் வீட்டார் வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். தன்வந்திரியும் எம்பெருமானின் திருவவதாரமே. மருந்து சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று சொல்லும் அன்பர்கள் சிலரை அடியேன் அறிவேன். அவர்கள் பல்வலிக்கு மட்டும் தாமதமின்றி வைத்தியரிடம் போகிறார்கள்.

கீதையின் முதல் அத்யாயம் அர்ஜுனனின் விஷாதம். ஒரு வீரன் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான். அத்தனை உபதேசத்துக்குப் பிறகு சரமச்லோகத்தின் கடைசிச் சொல்லும் வருந்தாதே என்பதுதான். அதற்கு முன்னே கண்ணன் தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறான். மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். நடுவே உள்ள அத்தனை யோகங்களும் முடியாதவனுக்கும் அந்த இடம் இருக்கிறது. ஆண்டான் போய்க் கிடந்த இடமும் அதுவே.

திருக்கண்ணமங்கைக்குப் போக விரும்புவோர் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில், திருவாரூருக்குச் சற்று முன்னதாக இறங்கிக்கொள்ளலாம். முன்பு தஞ்சை ஜில்லா. இப்போது திருவாரூர் மாவட்டம். திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த பத்தராவிப் பெருமாள் அங்கே நின்ற திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்கிறான். தாயார் ஸந்நிதியில் உள்ள தேன்கூட்டை அவசியம் பார்க்க வேண்டும். முனிவர்களே தேனீக்களாய் இருந்து பெருமாளை ஸேவிப்பதாக ஊரார் சொல்வார்கள். அதை யாரும் கலைப்பதில்லை. ஆனித் திருவோணம் ஆண்டான் திருநக்ஷத்ரம். அன்று போக முடியாதவர்கள் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் போவது இன்னும் உசிதம்.

நம் ஸந்நிதி உத்ஸவம் தீர்த்தவாரியோடும் த்வஜாவரோஹணத்தோடும் பூர்த்தியாகிறது. அதற்கு மறுநாள் விடியற்காலையில் பிராகாரம் முழுவதும் பூச்சரமும் வாழையிலையும் மகிழம்பூவுமாகக் கிடக்கும். மகிழமரத்தில் இரண்டு மூன்று திருவலகு சாத்தியிருக்கும். இரவு தங்கியிருப்பவர்களில் விருப்பமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அடியேனிடம் கேட்க வேண்டியதில்லை.

அடியேன்,
ஸந்நிதி அர்ச்சகன்